எறும்பு சொன்னது பாதி: சீனி வருத்தமும் அரிய மரபணு மாறுபாடுகளும்

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தின் பின்பக்கக் கான் ஓரத்தில் எறும்பு மொய்த்தால் அம்மாயி விடமாட்டார். "ராத்திரி யாரு இங்க ஒண்ணுக்குப் போனது?" என்று காம்பரா காம்பராவாகக் கேட்டுவிடுவார். யாருக்கோ சீனி வந்துவிட்டது என்பதற்கு அவருக்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை. ஆள் யாரென்று தெரிந்ததும் அடுத்த வார்த்தை தயாராக இருக்கும்: "அதான் பாத்தேன். அவுக குடும்பத்துலயே ஓடுதுல்ல."

நான் இப்போது பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அம்மாயியின் அந்த இரண்டு வார்த்தைகளையும் பல வருடமாக மனதில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறேன். எறும்பு வந்தால் சிறுநீரில் சீனி இருக்கலாம். ஆனால் சீனி அங்கே வந்து சேர ஒரு வழி மட்டும் இல்லை. குடும்பத்தில் ஓடுவதும் எல்லாக் குடும்பத்திலும் ஒரே பொருள் இல்லை. எந்த வீட்டில் எது ஓடுகிறது என்று பிரித்துப் பார்த்தால், சிலருக்கு ஊசியே தேவைப்படாது. சிலருக்கு மருந்தே தேவைப்படாது. இன்னும் சிலருக்கு நாற்பது வயதில் வரவேண்டிய மாரடைப்பைத் தள்ளிப்போடலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். (பாடப்புத்தகத்தில் பரம்பரையலகு என்று இருக்கும். வெளியே எல்லோரும் மரபணு என்றே சொல்வதால் இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.)

நிறுவைக்குப் போகும் கொழுந்துக் கூடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொழுந்தை எடுத்துக் கையில் வைத்தால் எடையே தெரியாது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் கூடைக்கயிறு தலையை அழுத்தும். நம்மில் பெரும்பாலோருக்கு வரும் சீனி வருத்தம், அதாவது இரண்டாம் வகை நீரிழிவு, இப்படித்தான் வருகிறது. அதோடு தொடர்புடைய மரபணு மாறுபாடுகள் பல நூறு கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கொஞ்சம்தான் கூட்டும். 2006இல் கண்டறியப்பட்ட டிசிஎஃப்7எல்2 மரபணுவின் மாறுபாடுதான் பொதுவானவற்றில் மிகவும் பலமானது. அதுவே ஒரு பிரதி இருந்தால் (ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும்) ஆபத்தை ஏறத்தாழ 40 சதவீதம்தான் உயர்த்துகிறது. மீதியைச் சாப்பாடு, வேலை, உடம்பு, பிறந்தபோது இருந்த எடை எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன.

சில கூடைகளில் கொழுந்து கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் அடியில் ஒரு கல் கிடக்கும். எடை முழுவதும் அந்தக் கல்தான். அரிய மாறுபாடு என்பது அந்தக் கல். நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாக, பெரும்பாலும் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகக் காணப்படுவது. ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்துத் தவறுகூடப் போதும், உடம்பின் ஒரு வேலை அப்படியே மாறிவிடும். நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு இப்படி ஒற்றை மரபணுவால் வந்திருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. கொஞ்சம் பேர்தான். ஆனால் கல்லைக் கண்டுபிடித்துவிட்டால் வைத்தியமே மாறிப்போகிறது.

முதல் கல்லின் பெயர் ஜிசிகே. குளுக்கோகைனேஸ் என்ற நொதியத்தைச் செய்யும் மரபணு. சதையியில் (கணையத்தில்) இன்சுலின் சுரக்கும் கலங்களுக்கு இரத்தத்தில் எவ்வளவு சீனி இருக்கிறது என்று அளந்து சொல்வது இந்த நொதியம்தான். இதில் ஒரு பிரதி பழுதானால் அளவுகோல் கொஞ்சம் மேலே ஏறிவிடும். மற்றவர்களின் உடம்பு டெசிலீட்டருக்கு 90 மில்லிகிராமில் நிறுத்தும் வெறும் வயிற்றுச் சீனியை, இவர்களின் உடம்பு 110, 120, சிலருக்கு 140 என்று வைத்திருக்கும். பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான். அதற்கு மேல் பெரிதாக ஏறாது, மருந்து கொடுத்தாலும் இறங்காது. 1992இல் கண்டறியப்பட்ட இந்த வகையை 2014இல் ஒரு ஆய்வு திரும்பிப் பார்த்தது. ஏறக்குறைய ஐம்பது வருடம் இந்தச் சீனியோடு வாழ்ந்தவர்களுக்கும் கண், சிறுநீரகம், கால் ஆகியவற்றில் பாரதூரமான பாதிப்பு பெரும்பாலும் வரவில்லை. மெட்போமின் குளிசை வேண்டாம், இன்சுலின் வேண்டாம். கர்ப்ப காலத்தில் மட்டும் கவனம் வேண்டும்.

அந்தக் கர்ப்ப காலக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தாய்க்கு ஜிசிகே பழுது இருந்து, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு அது இல்லாவிட்டால், தாயின் கூடுதல் சீனி பிள்ளைக்குப் போகும். பிள்ளை அதற்குப் போட்டியாக இன்சுலின் சுரக்கும், பருக்கும். வழக்கத்தைவிட அரைக் கிலோவுக்கு மேல் எடை கூடிப் பிறக்கும். தாய்க்கு இல்லாமல் பிள்ளைக்கு மட்டும் பழுது வந்திருந்தால் (தகப்பன் வழியாக வந்திருந்தால்) பிள்ளை வயிற்றுக்குள் இன்சுலினைக் குறைவாகவே சுரக்கும், அரைக் கிலோ குறைந்து பிறக்கும். இருவருக்கும் இருந்தால் எடை சாதாரணமாகவே இருக்கும். 1998இல் இங்கிலாந்தில் அன்ட்ரூ ஹாட்டர்ஸ்லியும் அவரது குழுவினரும் இதை அளந்து காட்டினார்கள். பிறக்கும்போது எடை குறைந்த பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் சீனி அதிகம் வருகிறது என்பது ஏற்கனவே தெரிந்த விஷயம். பசியிலிருந்த தாயின் வயிறுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் இன்சுலினை மெதுவாகச் சுரக்கும் மரபணுவே பிள்ளையின் எடையையும் குறைத்து, ஐம்பது வயதில் சீனியையும் கொண்டுவரலாம் என்பதை அந்தக் குடும்பங்கள் காட்டின. மிட்வைஃப் மிஸ் தராசில் பிள்ளையை வைக்கும்போது தெரியும் அந்த எண்ணுக்குள் இவ்வளவு கதை இருக்கிறது.

இரண்டாவது கல் எச்என்எஃப்1ஏ, 1996இல் கண்டறியப்பட்டது. இதை விட்டுவைக்க முடியாது. சீனி உண்மையாகவே ஏறும். கவனிக்காவிட்டால் கண்ணும் சிறுநீரகமும் கெடும். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டி வரும். ஒல்லியான பிள்ளை, திடீரென்று சீனி 300 என்றால், இன்சுலின் அனேகமாகச் சுரக்காத முதலாம் வகை நீரிழிவு என்று எழுதி இன்சுலின் ஊசி தொடங்கிவிடுவார்கள். அப்பாவுக்கும் அப்படித்தான், அப்பாயிக்கும் அப்படித்தான் என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த வகைக்கு நல்ல மருந்து ஊசி இல்லை, கிளிக்கிளசைட் போன்ற பழைய, மலிவான குளிசை. 2003இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், சாதாரண இரண்டாம் வகைக்காரரைவிட இவர்களுக்கு அந்தக் குளிசை கிட்டத்தட்ட 4 மடங்கு வேலை செய்தது. நம் கிளினிக்குகளில் கொடுக்கிற அதே குளிசைதான். ஊசியைக் குளிரில் வைக்கக் குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயத்தில், காலை பெரட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டு மலை ஏறும் ஒரு பொடியனுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் எறும்பு திரும்பவும் வருகிறது. சாதாரணமாக இரத்தத்தில் சீனி டெசிலீட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். அதுவரை சிறுநீரகம் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்ளும். அந்தத் திருப்பி எடுக்கும் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது எஸ்எல்சி5ஏ2 மரபணு தரும் புரதம். எச்என்எஃப்1ஏ பழுதானால் இந்தப் புரதமும் குறைந்துவிடுகிறது. அதனால் இரத்தச் சீனி இன்னும் நல்லபடியாக இருக்கும்போதே, வருத்தம் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளின் சிறுநீரில் சாப்பாட்டுக்குப் பிறகு சீனி தெரியும். அந்த வீடுகளில் எறும்பு வைத்தியரைவிட முந்தி வந்திருக்கும்.

அப்புறம் எஸ்எல்சி5ஏ2 மரபணுவே நேராகப் பழுதான குடும்பங்களும் இருக்கின்றன. இவர்களின் இரத்தச் சீனி முழுக்க முழுக்கச் சரியாக இருக்கும், சிறுநீரில் மட்டும் ஒரு நாளைக்கு நூறு கிராம் வரைகூட, சிலருக்கு அதற்கு மேலும், சீனி போகும். பெரும்பாலும் ஒரு தொல்லையும் இல்லை. எறும்பை மட்டும் நம்பினால் இவர்களுக்கும் சீனி வருத்தம் என்று பட்டம் கட்டி, சோற்றை நிறுத்திவிடுவோம். ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஒரு கசப்புப் பொருள் இதே புரதத்தை அடைக்கும் என்பது தெரிந்ததும், ஆராய்ச்சியாளர்களுக்குத் தைரியம் தந்தவர்கள் இந்தக் குடும்பத்தினர்தான். பிறந்ததிலிருந்து அது அடைபட்டே இருந்தும் நலமாக வாழ்கிறார்களே. அந்த வழியில் போய்த்தான் 2012 முதல் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற குளிசைகள் வந்தன. இன்று அவற்றைச் சீனிக்கு மட்டுமல்லாமல் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் எழுதுகிறார்கள். சில குடும்பங்களின் ஒரு விசித்திரம் உலகத்துக்கே மருந்தாகிவிட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கதை இதுதான்.

பிறந்து ஆறு மாதத்துக்குள் ஒரு குழந்தைக்குச் சீனி ஏறினால் அது அனேகமாக எப்போதுமே ஒற்றை மரபணுவின் வேலைதான். இன்சுலின் கலத்தின் பொட்டாசியம் கதவு மூடாமல் திறந்தே கிடக்கும் வகை ஒன்று உண்டு. அதற்குக் காரணமான கேசிஎன்ஜே11 மரபணு 2004இல் தெரியவந்தது. கிளிபென்கிளமைட் குளிசை அந்தக் கதவை வெளியிலிருந்து தள்ளி மூடும். 2006இல் வெளியான முடிவுகளில் 49 பேரில் 44 பேர் ஊசியை முழுவதுமாக விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் ஆய்வுகூடம் கைக்குழந்தைகளின் இந்தப் பரிசோதனையை மற்ற நாடுகளுக்கும் கட்டணமில்லாமல் செய்துகொடுத்து வந்திருக்கிறது. கைக்குழந்தைக்கு இன்சுலின் போடும் தாய் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், குழந்தை நிபுணரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

சீனியை விட்டுக் கொலஸ்ட்ரோலுக்கு வருவோம். மலையில் "நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு, அவ்வளவுதான்" என்று சொல்லப்படும் சாவுகளில் நாற்பது வயதுக்காரர்களும் உண்டு. புகை, வெற்றிலை புகையிலை, சாராயம், பிரஷர் எல்லாம் காரணம்தான். ஆனால் ஒரே வீட்டில் அண்ணன், தம்பி, சித்தப்பா என்று வரிசையாகப் போனால் வேறு ஒன்றையும் யோசிக்க வேண்டும். கெட்ட கொலஸ்ட்ரோலை (எல்டிஎல்) இரத்தத்திலிருந்து பிடித்து ஈரலுக்குள் இழுக்கும் வாங்கி பழுதாகிவிடும் பரம்பரை நோய் அது. இதைக் கண்டுபிடித்த மைக்கல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. உலகக் கணக்கில் 250 முதல் 300 பேருக்கு ஒருவர். 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் மலையகத் தமிழர் எட்டு இலட்சத்துக்கு மேல் இருந்தோம். அந்தக் கணக்கு இங்கேயும் பொருந்தினால் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் வரும். அவர்களின் குதிக்கால் தசைநார் தடித்திருக்கலாம், விரல் முட்டிகளில் கட்டி தெரியலாம், கறுப்பு விழியைச் சுற்றி இளவயதிலேயே வெள்ளை வளையம் விழலாம். எல்டிஎல் 190க்கு மேல் நிற்கும். பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சின்ன வயதிலேயே கண்டுபிடித்து ஸ்டாட்டின் குளிசை தொடங்கினால் ஆயுள் நீளும்.

இதற்கு நேர் எதிரான அதிர்ஷ்டசாலிகளும் உண்டு. பிசிஎஸ்கே9 என்ற மரபணு அந்த வாங்கிகளை அழிக்கும் புரதத்தைச் செய்கிறது. 2003இல் பிரான்ஸில் அது அளவுக்கு மீறி வேலை செய்யும் குடும்பங்கள் தெரியவந்தன, கொலஸ்ட்ரோல் ஏறி இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள். அடுத்த மூன்று வருடத்துக்குள் அமெரிக்காவில், அதன் ஒரு பிரதி வேலை செய்யாதவர்களைக் கண்டார்கள். அங்கே ஆராயப்பட்ட கறுப்பின மக்களில் நூற்றுக்கு 2.6 பேருக்கு அந்தப் பழுது இருந்தது. அவர்களின் எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, இதய நோய் 88 சதவீதம் குறைவு. பழுது என்ற சொல்லே அங்கே பொருந்தவில்லை. 2015இல் அதே புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் சந்தைக்கு வந்தன. 2021இல் ஆறு இலட்சத்து நாற்பதாயிரம் பேரின் மரபணுக்களைப் படித்தபோது, ஜிபிஆர்75 மரபணுவின் ஒரு பிரதி வேலை செய்யாதவர்கள் சராசரியாக 5.3 கிலோ எடை குறைந்திருந்தார்கள். உடல் பருமனுக்கு மருந்து தேடுபவர்கள் இப்போது அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எது அரிது என்பது இடத்தைப் பொறுத்தது. கிரீன்லாந்தில் டிபிசி1டி4 மரபணுவின் ஒரு மாறுபாடு நூறு பிரதிகளுக்கு 17இல் இருக்கிறது. ஆர்க்டிக் பகுதியில் வாழும் இன்யூட் மக்களுக்கு வெளியே அதைப் பார்ப்பதே அபூர்வம். அதில் இரண்டு பிரதி இருப்பவர்களின் தசை, சாப்பிட்டபின் சீனியை உள்ளே எடுக்கத் தவிக்கும். அவர்களுக்குச் சீனி வருத்தம் வரும் ஆபத்து ஏறக்குறைய 10 மடங்கு. அங்கே போய், அந்த மக்களின் இரத்தத்தை எடுத்துப் பார்த்ததால்தான் 2014இல் இது தெரிந்தது. ஐரோப்பியர்களின் தரவுகளில் எத்தனை இலட்சம் பேரைத் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

மலையகத்தைப் பற்றி நான் யோசிப்பது இதனால்தான். 1820களில் கோப்பிக்கும், 1867க்குப் பிறகு தேயிலைக்கும் நம் முன்னோர் வந்தது தனி ஆளாக இல்லை. கங்காணி தன் ஊரிலிருந்து, தன் உறவிலிருந்து ஆள் சேர்த்தார். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்து ஒரு சிற்றூரின் ஐந்தாறு குடும்பங்கள் ஒரே தோட்டத்தில் இறங்கின. அதற்குள்ளேயே பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள். இப்படிச் சிறு கூட்டத்திலிருந்து பெருகும்போது, முதலில் வந்த ஒருவரிடம் இருந்த அரிய மாறுபாடு பேரன் பேத்திகளில் சாதாரணமாகிவிடலாம். 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட சமூகங்களைப் பார்த்தது. அவற்றில் 81இல் இந்தத் தடயம் பின்லாந்து மக்களிலும் அஷ்கனாசி யூதர்களிலும் காணப்படுவதைவிட ஆழமாக இருந்தது. பரம்பரை நோய் ஆராய்ச்சிக்கு உலகப் புகழ்பெற்ற அந்த இரண்டு சமூகங்களையும் நம் பகுதி மக்கள் மிஞ்சுகிறார்கள். ஆனால் நம் இரத்தம் உலகத் தரவுகளில் மிகவும் குறைவு.

மாமன் மகள், அத்தை மகன் கலியாணம் பற்றியும் நேராகவே சொல்லிவிடுகிறேன். அப்படி முடித்தவர்கள் தங்கள் மரபணுவில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள். ஒரு பிரதி கெட்டிருந்தால் ஒன்றும் தெரியாத சில நோய்கள், இரண்டு பக்கத்திலிருந்தும் அதே கெட்ட பிரதி வந்து சேரும்போது வெளிப்படும். 1997இல் பாகிஸ்தான் வம்சாவளியைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளுக்கு, அவர்கள் ஒன்றுவிட்ட சகோதரர் உறவு, லெப்டின் என்ற பசி அடக்கும் ஹோர்மோன் இல்லாதது கண்டறியப்பட்டது. எட்டு வயதில் ஒரு பிள்ளை 86 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி. லெப்டின் ஊசி போட்டதும் அந்தப் பசி அடங்கியது. அதுவரை அந்தத் தாயைப் பார்த்து, பிள்ளைக்கு அடக்கம் கற்றுக்கொடுக்கவில்லை என்று எத்தனை பேர் பேசியிருப்பார்கள். உறவுக்குள் முடித்தவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். யாரையும் குற்றம் சொல்ல இதை எடுக்கக்கூடாது. ஒரு வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மறைக்காமல் டொக்டரிடம் உறவுமுறையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மலையகத்தின் சீனி வருத்தத்துக்கு மரபணுதான் காரணம் என்று யாராவது முடிவு கட்டினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2005, 2006இல் எடுத்த தேசிய ஆய்வில் இலங்கையில் வயது வந்தோரில் 10.3 சதவீதத்துக்கு நீரிழிவு. நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.7. நகரத்துக்கும் கிராமத்துக்கும் மரபணு மாறவில்லை, வாழ்க்கைதான் மாறியது. 2016 தேசிய சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் உயரம் குன்றியவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டங்களில் 32 சதவீதம். சின்ன வயதில் காய்ந்த உடம்புக்குப் பெரிய வயதில் கோதுமை மா ரொட்டியும் மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீயும் கொடுத்தால், சதையி எவ்வளவு காலம் தாங்கும்? கூடையைக் கொழுந்து நிரப்பும்போது கல்லை மட்டும் தேடிக்கொண்டிருக்கக்கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. இளவயதில் ஒல்லியாக இருக்கும்போதே சீனி வருவது ஐரோப்பாவில் ஒற்றை மரபணு வகைக்கு நல்ல அடையாளம். நம் ஆட்களுக்குச் சாதாரண இரண்டாம் வகையே அப்படி முந்தி வருகிறது. அதனால் வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மூன்று தலைமுறை, ஒவ்வொரு தலைமுறையிலும் இளவயது, கழுத்தில் கருமை இல்லாத ஒல்லி உடம்பு, இவை ஒன்றாக வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி எண்ணையும் தனியாக நம்பவேண்டாம். இரும்புச் சத்துக் குறைவால் இரத்தம் குறைந்த பெண்களுக்கு அது உண்மைக்கு மேலே காட்டலாம், தலசீமியா உள்ளவர்களுக்கும் தவறாக வரலாம்.

மரபணுப் பரிசோதனைக்கு முன்னால் செய்யவேண்டியது காகிதத்தில்தான் இருக்கிறது. கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவுக்குப் போனாலும் முதலில் வரையச் சொல்வது வம்ச வரைபடம்தான். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், வருத்தம் உள்ளவர்களுக்கு உள்ளே கறுப்பு. நம் கிளினிக் கொப்பியில் குடும்ப வரலாறு என்ற இடத்தில் பெரும்பாலும் "அம்மாவுக்கு சீனி" என்று இரண்டு சொல்தான் இருக்கும். எந்த வயதில், ஊசியா குளிசையா, கால் எடுத்தார்களா, நெஞ்சு வலியா என்பதெல்லாம் இருக்காது.

நம் வரைபடத்துக்கு வேறு ஒரு வெட்டும் இருக்கிறது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பதாக முடிவானது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்தார்கள். அந்தப் பிரிவின் வலியைப் பலர் எழுதியிருக்கிறார்கள். வைத்தியத்துக்கும் அது ஒரு இழப்பு. பாதிச் சதுரங்களும் பாதி வட்டங்களும் தமிழ்நாட்டில், நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கின்றன.

போன வருடம் எங்கள் குடும்பத்தை நான் வரைந்தேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். இந்தப் பக்கம் ஒன்பது பேரில் நாலு பேர் கறுப்பு, எல்லோரும் நாற்பத்தைந்துக்குப் பிறகு, எல்லோரும் கொஞ்சம் வயிறு வைத்தவர்கள். கொழுந்துக் கூடை என்றுதான் தோன்றியது. அம்மாவின் அக்கா தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர், கோத்தகிரியில் இருந்து இறந்தார். அவர் மகளுக்கு வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பி, உங்கள் பக்கத்தையும் நிரப்பித் தாங்க அக்கா என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துக் குரல் பதிவு வந்தது. "பெரியவனுக்கு இருபத்திரண்டுல வந்துச்சு தம்பி, ஆளு குச்சியாட்டம் இருப்பான், ஊசி போடுறான். அவன் மகளுக்கு இப்ப பதினாலு. சீனி இல்ல, டெஸ்ட்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பாத்ரூம்ல எறும்பு வருதுன்னு மருமக சொல்லிக்கிட்டே இருக்கா."

அந்தப் பதிவை அம்மாவுக்கு மறுபடி போட்டுக் காட்டினேன். பிறகு வரைபடத்தை எடுத்து, கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு சதுரத்தைக் கறுப்பாக்கி, அதற்குக் கீழே ஒரு வட்டம் போட்டு, அதன் உள்ளே கேள்விக்குறி வைத்து, அவர்கள் டொக்டரிடம் காட்டட்டும் என்று திரும்ப அனுப்பினேன்.